கிரௌஸ் வேட்டைக்கு .22 துப்பாக்கி எடுக்குமுன்

மிசூலா, செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அங்கே அலாஸ்காவில், ஃபேர்பேங்ஸில் குளிர் தொடங்கியிருக்கும். கிரௌஸ் வேட்டைக்கு .22 (0.22 அங்குலக் குழல்) கைத்துப்பாக்கியா, ரைஃபிளா என்று கேட்டிருந்தாய். அந்தக் காட்டுப்பறவைக்கு இரண்டுமே போதும், பா. ஆனால் எதை எடுத்தாலும் பறவைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. ஷாட்கன் ரவைகள் சில நூறு கஜத்தில் ஓய்ந்து விழுந்துவிடும். .22 லாங் ரைஃபிள் தோட்டா ஒரு மைலையும் தாண்டும்.

ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக்காட்டில் வாழும் ஸ்ப்ரூஸ் கிரௌஸ் நம்மூர்க் கௌதாரிக்குப் பங்காளி என்றாலும் கௌதாரியின் உஷார் அதற்குக் கிடையாது. கலைத்தால் பக்கத்து மரத்தில் ஏறி உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்னால் வெறும் வானம். கை பரபரக்கும். அங்கே சுடாதே. பருத்த அடிமரமோ மண்சரிவோ அதற்குப் பின்னால் வரும்வரை மெதுவாகச் சுற்றி நட. பெரும்பாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். பறந்துவிட்டால் போகட்டும். தரையில் நிற்கும் பறவையிலும் ஒரு சங்கதி உண்டு: உறைந்த மண், சரளை, பாறை, தண்ணீர் இவற்றில் பட்ட ஈயம் தெறித்து வேறு திசையில் போகும்.

தோட்டா விஷயத்துக்கு வருகிறேன். வேகம் கூடினால் நல்லது என்று கடைக்காரர் சொல்வார், கேட்காதே. 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) ஈயக்குண்டு, வினாடிக்கு 1,070 அடி போகும் சாதாரண வேகத் தோட்டா தாராளம். தலையில் அடிப்பதற்கு ஹாலோ பாயிண்ட், அதாவது பட்டதும் விரியும் குழிமுனைக் குண்டு, தேவையில்லை. குறி தவறி நெஞ்சில் பட்டால் அதுதான் கறியைக் குதறிவிடும். இன்னும் பலமான .22 மேக்னம் தோட்டா இன்னும் மோசம். 29 கிரெய்ன் சிபி என்ற மெதுவான தோட்டா ஏறக்குறைய 700 அடி வேகம்தான். சத்தம் குறைவு, பக்கத்துப் பறவைகள் கலையாது, 15 கஜத்துக்குள் தலைக்குப் போதும். ஆனால் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் அதற்கு ஸ்லைடை (அடுத்த தோட்டாவை ஏற்றப் பின்னே நகரும் மேல்பாகம்) தள்ளும் பலம் இல்லை. ஒவ்வொரு முறையும் கையால் இழுக்க வேண்டும். ரிவால்வரில் அந்தத் தொல்லை கிடையாது. அங்கே வேறொன்று: குட்டையான சிபி ஷார்ட் நிறையச் சுட்டால் தோட்டா இருக்கும் அறைக்குள் வளையம்போல் கரி படியும். பிறகு லாங் ரைஃபிள் தோட்டா முழுதாக உள்ளே இறங்காது, வெற்றுக் கூடும் சிக்கிக்கொள்ளும். பித்தளை பிரஷ்ஷால் அறை ஒவ்வொன்றையும் தேய்த்துவிடு.

ரைஃபிளில் பலர் ஏமாறுவது கிட்டத்தில்தான். உன் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) துப்பாக்கிக் குழலுக்கு ஒன்றரை அங்குலம் மேலே இருக்கிறது. 25 கஜத்துக்குச் சரிபார்த்து வைத்தாலும் 10 கஜத்தில் குண்டு முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே படும். 5 கஜத்தில் ஓர் அங்குலம். கிரௌஸின் தலையே ஏறக்குறைய அவ்வளவுதான்! "நேராகத்தான் பார்த்தேன், எப்படித் தப்பியது?" என்பார்கள். 10 கஜத்தில் கண்ணுக்குக் குறிவை. தாழ்ந்து பட்டாலும் கழுத்து. கழுத்தின் அடியில் குறிவைத்தால் தாழும் குண்டு நெஞ்சுக்கறிக்குள் போகும். காடு கிளம்புமுன் காகிதம் மாட்டி 5, 10, 15, 25 கஜத்தில் ஐந்தைந்து சுட்டு, எங்கே படுகிறது என்று எழுதிவைத்துக்கொள்.

கைத்துப்பாக்கியில் சைட் (குறிபார்க்கும் முனை) குழலை ஒட்டியே இருப்பதால் இந்தக் கணக்கு தொல்லை தராது. அங்கே தொல்லை உன் கை. ஐந்து குண்டும் ஒன்றரை அங்குல வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் உன் எல்லை. முதல் வருஷம் அது 8 கஜமாக இருந்தாலும் வெட்கப்படாதே, இன்னும் நாலடி கிட்டப் போ. மரத்தில் முழங்கையைச் சாய்த்துக்கொள். துப்பாக்கியை மரத்தில் முட்டவைத்தால் குறி விலகும். பறவை நடக்கும்போது அதன் தலை முன்னும் பின்னும் ஆடும். மெல்லச் சீட்டியடி, கழுத்தை நீட்டி நிற்கும். அந்த ஒரு நொடி போதும். மரத்தில் பல இருந்தால் கீழே இருப்பதை முதலில் எடு. மேலிருந்து ஒன்று விழுந்தால் கீழே உள்ளவை கலைந்துவிடும்.

எங்கே கிடைக்கும் என்பதை இரைப்பை சொல்லும். செப்டம்பர் கடைசியில், விடிந்ததும், சரளைச் சாலை ஓரம். ஊசியிலையை அரைக்க அதன் வயிற்றுக்குச் சிறு கல் வேண்டும், அதைப் பொறுக்க வரும். ஆனால் அலாஸ்காவில் போட்ட சாலையில் நின்றோ, அதிலிருந்தோ, அதன் குறுக்கேயோ சுடுவது குற்றம். வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, சாலையை விட்டு விலகிப் போய்ச் சுடு. யூகான் ஆற்றுக்கு வடக்கே டால்டன் நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் 5 மைலுக்குத் துப்பாக்கி வேட்டையே கூடாது. ஒரு நாளைக்கு எத்தனை என்பது பகுதிக்குப் பகுதி மாறும். அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் போ. நீ போய் 12 மாதம் ஆகவில்லை என்பதால் வெளிமாநிலத்தவர் லைசென்ஸ்தான்; சிறு வேட்டைக்கு மட்டும் தனியாக ஒன்று உண்டு. கரடிக்கு .22-ஐ நம்பாதே, கரடி விரட்டும் ஸ்ப்ரே இடுப்பில் இருக்கட்டும்.

தலையில் பட்ட பறவை பயங்கரமாகச் சிறகடித்துச் சரிவில் உருளும். தவறிவிட்டது என்று நினைத்து இன்னொன்று சுடாதே. கண்ணை எடுக்காமல் விழுந்த இடத்தைக் குறித்துக்கொண்டு நட.

சூடு ஆறுமுன் சுத்தம் செய். பறவையை மல்லாக்கப் போட்டு, இரண்டு இறக்கையையும் உடம்பை ஒட்டி மிதி. இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, வெடுக்கென்று இல்லாமல், ஒரே சீராக மேலே இழு. குடலும் முதுகும் காலோடு வந்துவிடும். நெஞ்சுக்கறி இறக்கையோடு காலடியில் பளிச்சென்று கிடக்கும். வெடுக்கென்று இழுத்தால் கால் மட்டும் கையில் வரும். குளிர்ந்து விறைத்த பறவைக்கு இது ஒத்துவராது. குண்டு வயிற்றில் பட்டிருந்தாலும் வேண்டாம், கத்தியால் நிதானமாக அறு. தொடையைத் தூக்கி எறியாதே. நரம்பை உருவிவிட்டுச் சூப்புக்குப் போடு.

கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையைக் கீறிப் பார். சிவப்புக் கிரான்பெர்ரியாக இருந்தால் கறி இனிக்கும், மறுநாள் பெர்ரிப் புதருக்குப் போ. பனி விழுந்தபின் ஸ்ப்ரூஸ் ஊசிதான் இருக்கும். கறி கறுத்துப் பிசின் வாடை அடிக்கும். அதை ராத்திரி உப்புத் தண்ணீரில் ஊறவை. ஆஸ்பென் காட்டில் கிடைக்கும் ரஃப்டு கிரௌஸின் கறி வெள்ளை, அதற்கு ஒன்றும் வேண்டாம். வாலின் நுனிக்கருகே கறுப்புப் பட்டையை வைத்து அதை அடையாளம் காணலாம்.

மிளகு வறுவல் செய்வதானால் கோழிக்குப் போடும் நேரம் போடாதே. இதில் கொழுப்பே இல்லை, ரப்பராகிவிடும். நடுவில் 74 டிகிரி செல்சியஸ் வந்ததும் இறக்கு. அந்தப் பழைய தெர்மாமீட்டரைப் பார்சலில் போட்டிருக்கிறேன், கூடவே பித்தளை பிரஷ்ஷும்.

அன்புடன்,
அம்மா