டைமிங் செயினைக் கவுண்டரில் கொடுங்கள்: கார் கம்பெனியின் உதிரிபாகப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதிரிபாகப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். வத்தலக்குண்டில் சின்னதாக ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறேன். உங்கள் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த 1248 சிசி டீசல் எஞ்சினைப் போட்டு வண்டி விற்றவர்கள் பல பேர். இந்த மடல் யாருக்கு என்பது நான் அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். திறக்காதவர்கள் இதையாவது படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கும் டைமிங் செயின், அதை இறுக்கும் டென்ஷனர், அது விலகாமல் தாங்கும் கைடு ஆகியவற்றைப் பணம் கொடுத்துக் கேட்கிற எந்த மெக்கானிக்குக்கும் கவுண்டரில் கொடுங்கள். கையிருப்பு இல்லையா, சரி, எந்தத் தேதியில் வரும் என்று சொல்லுங்கள்.

எஞ்சினைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃபியட் 2003இல் கொண்டுவந்தது. 69.6 மில்லிமீட்டர் போர், 82 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, காமன் ரெயில். 2005இல் அதன் அளவுப் பிரிவில் சர்வதேச விருதும் வாங்கியது. 2007 தொடங்கி நம் ஊர்ச் சாலைகளை நிறைத்தது. மல்டிஜெட் என்றார் ஒருவர், குவாட்ராஜெட் என்றார் இன்னொருவர், டிடிஐஎஸ் என்றார் மற்றொருவர். பானட்டைத் திறந்தால் எல்லாம் ஒன்றுதான். சாதா டர்போ என்றால் 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க். விஜிடி டர்போ என்றால் 90. இரண்டாயிரம் ஆர்பிஎம் வரும்வரை தூங்கும், வந்துவிட்டால் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே இழுக்கும். கொடைக்கு டாக்ஸி ஓட்டுகிறவர்கள் இன்றைக்கும் இந்த வண்டியை விற்க மனசில்லாமல் வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தது, எஞ்சினை நிறுத்தினார்கள். எஞ்சின் நின்றதே தவிர, விற்ற லட்சக்கணக்கான வண்டிகள் நிற்கவில்லை.

இதற்கு வரும் நோய்களும் எங்களுக்கு அத்துப்படி. ஊருக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தால் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற இஜிஆர் வால்வில் கரி கட்டும், கரும்புகை தள்ளும், பிக்கப் செத்துவிடும். கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். மலை ஏறி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைக்கிறவர்களுக்கு டர்போ போகும். பில்டரில் தண்ணீர் நின்றிருப்பதைக் கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜெக்டர் போகும். இதற்கெல்லாம் ஏதோ ஒரு வழி வைத்திருக்கிறோம். டர்போவை மதுரையில் சர்வீஸ் செய்து தருகிறார்கள், இன்ஜெக்டரைக் கோயம்புத்தூரில் செக் செய்து தருகிறார்கள்.

செயின் கதை அப்படியில்லை. இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது. எஞ்சின் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தானே செயின் போட்டு விற்றீர்கள்? அந்தச் செயினை இறுக்கிப் பிடிப்பது டென்ஷனர், டென்ஷனரைத் தள்ளுவது ஆயில் அழுத்தம். சம்ப்பில் நிற்பதோ மூன்று லிட்டர் சொச்சம் ஆயில். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும், பழைய ஆயிலையே இழுத்துக்கொண்டு ஓட்டினாலும் டென்ஷனர் தளரும், செயின் நீளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று விநாடி 'கரகர'வென்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். அந்தச் சத்தத்தோடு வந்தவனுக்கு அன்றைக்கே செயின் மாற்றிவிட்டால் எஞ்சின் பிழைத்தது. விட்டால், ஒருநாள் செயின் பல் தாண்டும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு கீழே இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வால்வை அழுத்துகிற ராக்கர் உடைவதோடு போகும். இல்லாவிட்டால் வால்வு வளையும், எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் வருவார். பூ வியாபாரம். பின் சீட்டைக் கழற்றிவிட்டு மல்லிகை மூட்டைகளை அடுக்கி, விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்குகிறவர். சத்தம் வந்த மறுநாளே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவ்வளவு பொறுப்பான ஆளைப் பார்ப்பதே அபூர்வம். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம், ஆயில் அளவு சரியாக இருந்தது. வாட்ச் மாதிரி சர்வீஸ் விட்டுக்கொண்டிருந்த வண்டி, அத்தனை பில்லும் கவரில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருந்தார். வயசாகிவிட்டது, செயின் நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

உங்கள் அங்கீகாரம் பெற்ற உதிரிபாகக் கடைக்கு நானே போனேன். சேஸிஸ் நம்பர் கேட்டார்கள், கொடுத்தேன். ஆர்சி நகல் கேட்டார்கள், அதையும் கொடுத்தேன். கம்ப்யூட்டரைப் பார்த்த தம்பி, "சார், இது தனியா வெளியில குடுக்கிறதில்ல, வண்டிய நம்ம ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றார். அண்ணன் அங்கேயே கொண்டுபோனார். அங்கே பார்த்துவிட்டு, பாகம் ஸ்டாக்கில் இல்லை, ஆர்டர் போட்டிருக்கிறோம், வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்கள். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாது சார், பேக் ஆர்டர்ல இருக்கு". ஆக, இல்லாத ஒரு பாகத்தைத்தான் எனக்குக் கொடுக்க மாட்டோம் என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள்.

பூ காத்திருக்காது. வேறு வண்டிக்கு வாடகை கொடுத்துப் பார்த்தார். முகூர்த்த நாள் போய், மல்லிகை விலை இறங்கிய வாரத்தில் வாடகைக்குக் கூடக் கட்டவில்லை. மெதுவாக ஓட்டிக்கொள்கிறேன் என்று எடுத்துப் போனார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். சொல்லி என்ன, அவருக்குக் கொடுக்க என்னிடம் வேறு வழி எதுவும் இல்லையே. ஒரு விடியற்காலையில் போன் வந்தது: திண்டுக்கல் ரோட்டில் வண்டி 'டப்'பென்று நின்றுவிட்டது, செல்ஃப் அடித்தால் சும்மா சுற்றுகிறது. அந்தச் 'சும்மா சுற்றுகிற' சத்தம் என்னவென்று எங்கள் ஆட்களுக்குப் போனிலேயே தெரியும், அதில் கம்ப்ரஷன் இருக்காது. கட்டி இழுத்து வந்து வால்வு கவரைத் திறந்தால், ராக்கர்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் வால்வும் வளைந்திருந்தது. அன்றைய மல்லிகை வெயிலேறும் வரை காருக்குள்ளேயே இருந்தது. அதை யாரும் வாங்கவில்லை.

சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலை. உங்கள் ஒர்க்ஷாப்பில் இப்போது கொடுத்திருக்கும் எஸ்டிமேட்டைப் பார்த்தால், அந்தப் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கிவிடலாம். ஒருவேளை அதுதான் உங்கள் யோசனையோ என்னவோ! ஷோரூமில் இருந்து அவருக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் மெசேஜ் மட்டும் தவறாமல் வருகிறதாம். செயினுக்குத்தான் தேதி கிடையாது.

அரசாங்கமே பதினைந்து வருஷம் ஆன காருக்கு எஃப்சி என்கிற தகுதிச் சோதனை பார்த்து, பசுமை வரி வாங்கிக்கொண்டு, இன்னும் ஐந்து வருஷம் ஓட்டு என்று ஆர்சியைப் புதுப்பித்துக் கொடுக்கிறது. 2025 செப்டம்பரில் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டியை 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைத்தார்கள். நல்ல விஷயம். கிடைக்காத பாகத்துக்கு வரி எத்தனை சதவீதம் இருந்தால் எங்களுக்கென்ன? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே திறந்தது, அதில் வாகனத்துறையும் ஒரு பிரிவு. அதற்கும் முன்னால், 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காகப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அந்தப் பட்டியலில் யார் யார் இருந்தார்கள், வழக்கு அப்புறம் எங்கெல்லாம் போனது என்பதை உங்கள் சட்டப் பிரிவு என்னைவிட நன்றாகச் சொல்லும். வத்தலக்குண்டுக் கவுண்டரில் ஒன்றும் மாறவில்லை என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள்.

வெளியில் கொடுத்தால் தவறாகப் பொருத்திவிடுவார்கள் என்று உங்கள் தரப்பில் சொல்வார்கள், தெரியும். கேம் ஷாஃப்டையும் ஃப்ளைவீலையும் பூட்டுகிற லாக்கிங் பின் எங்களிடம் இருக்கிறது. அது இல்லாமல் செயினில் கை வைக்கிற பட்டறைக்காரனை நானே திட்டுவேன். நீங்கள் கொடுக்காததால் நல்ல மெக்கானிக் இந்த வேலையை விட்டுவிடுவதில்லை, டூப்ளிகேட் செயினையோ, சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியில் கழற்றிய டென்ஷனரையோ வாங்கிப் போடுகிறான். உங்கள் கடைச் சுவரில் 'ஒரிஜினல் பாகங்களையே பயன்படுத்துங்கள்' என்று ஒரு போஸ்டர் ஒட்டியிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன் ஐயா, ஒரிஜினலையே கொடுங்கள்.

எஞ்சினைத் திரும்பத் தயாரிக்கச் சொல்லவில்லை. கடன் கேட்கவில்லை, தள்ளுபடியும் வேண்டாம், எம்ஆர்பி விலையை முழுசாகக் கொடுத்துவிடுகிறேன். டைமிங் செயின், டென்ஷனர், கைடு, இவற்றைக் கேட்கிறவனுக்குக் கவுண்டரில் கொடுங்கள். ஸ்டாக் இல்லையென்றால் வரும் தேதியை எழுத்தில் கொடுங்கள். தயாரிப்பதையே நிறுத்திவிட்டீர்கள் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், நாங்கள் வேறு வழி பார்த்துக்கொள்கிறோம்.

பூக்கார அண்ணனின் வண்டி ஹெட் இல்லாமல் என் பட்டறையில்தான் நிற்கிறது. சேஸிஸ் நம்பரும் ஆர்டர் நம்பரும் நான் அனுப்பிய மெயிலிலேயே இருக்கின்றன. அந்த ஒரு ஆர்டரையாவது இந்த வாரம் எடுத்துப் பார்த்துப் பதில் அனுப்புமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பட்டறைக்காரன்,
வத்தலக்குண்டு