கவுன்சிலர்னு போர்டு மாட்டினா போதுமா, நம்பர் எங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ் கடைசிப் பக்கத்துல ஒரு கவுன்சிலிங் விளம்பரம் வந்திருந்துச்சு, அதப் பாத்துட்டுதான் எழுதுறேன். தமிழ்லயே பேசலாம், வீட்டுக்கே வருவோம், புருஷன் பொண்டாட்டி சண்டை, புள்ளைங்க மெட்ரிக் டென்ஷன், டிப்ரஷன் எல்லாத்துக்கும் தெரபி உண்டுன்னு போட்டு, பேருக்குக் கீழ ஏதோ ஒரு சங்கத்துல மெம்பர்னு இருந்துச்சு. ரிஜிஸ்டர் நம்பர் எதுவும் காணோம். அவங்க தப்பான ஆளுன்னு சொல்ல வரல, யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா மெம்பர்னு பாத்ததும் இங்க டர்பன்ல சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்ம பெரியவங்க கவர்மெண்ட் லைசென்ஸ் மாதிரி நெனச்சுக்குறாங்க, அதான் பயமா இருக்கு.

நம்ம தென்னாப்பிரிக்காவுல சைக்காலஜிஸ்ட்டா வேலை பாக்கணும்னா பிரிட்டோரியால இருக்கற ஹெச்பிசிஎஸ்ஏ-ல, அதாவது மருத்துவத் துறை ஆளுங்கள சட்டப்படி பதிவு பண்ற கவுன்சில்ல பதிஞ்சே ஆகணும், 1974 சட்டம் அது, பதியாம காசு வாங்கிட்டு சைக்காலஜிஸ்ட் வேலைய பாத்தா குத்தம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னா மாஸ்டர்ஸ், அப்புறம் ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அதுக்கு மேல ஒரு வருஷம் கம்யூனிட்டி சர்வீஸ். ரிஜிஸ்டர்ட் கவுன்சிலர்னு இன்னொரு வகை அதே கவுன்சில்லயே இருக்கு, நாலு வருஷப் படிப்பு, 720 மணி நேரம் பிராக்டிகல், போர்டு எக்ஸாம், எல்லாம் முடிச்சாதான் அந்தப் பேரு. வெறும் கவுன்சிலர்னு போட்டுக்கறதுக்கோ இது எதுவுமே வேண்டியதில்ல, யாரு வேணா போட்டுக்கலாம்.

ஏஎஸ்சிஹெச்பி-ன்னு ஒரு கவுன்சிலர் சங்கம் இருக்கு, அது மாதிரி விரும்பினா சேரலாம்னு இருக்கற சங்கங்கள் வேற. அதுக்கு சாக்வாங்கற, படிப்புத் தகுதிகள பாத்துக்கற அரசு அமைப்போட அங்கீகாரம் இருக்கு, படிப்பு பாத்துதான் சேத்துக்குறாங்க, நடத்தை விதிகளும் வச்சிருக்காங்க, சும்மா ரப்பர் ஸ்டாம்ப்னு தள்ளிட முடியாது. ஆனா நாளைக்கே ஒருத்தர் உங்க வீட்டு ரகசியத்த வெளிய பேசிட்டாரு, இல்ல அதவிட மோசமா நடந்துகிட்டாருன்னு வைங்க. சங்கத்துல கம்ப்ளைண்ட் பண்ணா அதிகபட்சம் மெம்பர்ஷிப்ப பிடுங்குவாங்க, மறுநாள் அதே ஆளு அதே ரூம்ல அதே போர்ட மாட்டிட்டு உக்காந்திருக்கலாம். ஹெச்பிசிஎஸ்ஏ ரிஜிஸ்டர்லேர்ந்து பேர எடுத்துட்டா சைக்காலஜிஸ்ட்டா உக்கார முடியாது. எனக்கு இந்த ஒரு வித்தியாசம்தான் பெருசாப் படுது, மத்த படிப்பு பட்டம் எல்லாம் அப்புறம்.

அதுக்காக ஹெச்பிசிஎஸ்ஏ என்னமோ குறையே இல்லாத ஆபீஸ்னு நான் சொல்லல. 2015ல ஹெல்த் மினிஸ்டர் போட்ட கமிட்டியே அந்த ஆபீஸ் சரியா நடக்கலன்னு எழுதிக் குடுத்துச்சு. இருந்தாலும் சட்டம்னு ஒண்ணு பின்னாடி நிக்குது. லண்டன்ல இருக்கற சொந்தக்காரங்க நம்மள ஏதோ பின்தங்கின நாடு மாதிரி பேசுவாங்க, அங்க இன்னும் கவுன்சிலர், சைக்கோதெரபிஸ்ட்ங்கற ரெண்டு பட்டப்பேருக்குமே சட்டப் பாதுகாப்பு கிடையாது, யாரு வேணா போட்டுக்கலாம். சைக்காலஜிஸ்ட்டுகள மட்டும் 2009ல ரெகுலேட் பண்ணாங்க, மத்தவங்களையும் கொண்டு வரலாம்னு இருந்தத 2011ல விட்டுட்டாங்க, இப்ப பிஏசிபி, யுகேசிபி மாதிரி சங்கங்கள நம்பித்தான் ஓடுது.

இன்னொண்ணு, லைஃப்லைன்ங்கற உதவி லைன்ல போன எடுக்கற வாலண்டியர்களையும் கோயில்ல உக்காந்து நாலு நல்ல வார்த்தை சொல்ற அக்காமாரையும் யாரும் இதுல சேத்துப் பேச வேணாம், அவங்க தெரபி பண்றோம்னு சொல்லிக்கறதே இல்ல. தமிழ் பேசற சைக்காலஜிஸ்ட் இங்க தேடினாலும் கெடைக்கறது கஷ்டம், ஃபீஸும் ஜாஸ்தி, அதனால மனசு விட்டுப் பேச ஒரு ஆளு வேணும்னு விளம்பரத்துல வர்ற மாதிரி கவுன்சிலர்ங்ககிட்ட போறதுல தப்பே இல்ல. தூக்கம் இல்லாம, சாப்பாடு இல்லாம, செத்துடலாம்னு பேசறவங்கள அங்க கூட்டிட்டுப் போய் நிறுத்தறதுதான் தப்பு.

உங்ககிட்ட கேக்கறது இதான் ஆசிரியர் ஐயா. கவுன்சிலிங் விளம்பரம் வந்தா எங்க பதிஞ்சிருக்காங்க, நம்பர் என்னன்னு கேட்டு வாங்கி அதையும் சேத்துப் போடுங்க, சங்க மெம்பர்னா சங்க மெம்பர்னே தெளிவா போடுங்க. கோயில் கமிட்டிகளும் முகாம் நடத்தறப்ப இத கேக்கணும். வாசகர்களும் பாத்துக்கலாம், சைக்காலஜிஸ்ட் நம்பர் பிஎஸ்-ல ஆரம்பிக்கும், ரிஜிஸ்டர்ட் கவுன்சிலருக்கு பிஆர்சி, ஹெச்பிசிஎஸ்ஏ வெப்சைட்ல ஐ-ரிஜிஸ்டர்னு இருக்கு, பேர டைப் பண்ணா இன்னைக்கு தேதிக்கு பதிவு இருக்கா இல்லையான்னு காட்டிடும், காசு கெடையாது. நம்பர் கேட்டதுக்கே கோவப்படற ஆளா இருந்தா அந்த ஆளே வேணாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்