நாவல் எழுதும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் நாவலின் எட்டு அத்தியாயங்களையும் இரண்டு முறை படித்தேன். ஸ்டார்ட்அப் அலுவலகத்தின் இரவுகள் நன்றாக வந்திருக்கின்றன. ஒன்பதாவதில் ஒரு கொலை வரப்போவதாகச் சொன்னாய். அதை விட்டுவிடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

தெரனோஸ் வழக்கை ஒருமுறை ஊன்றிப் படி. 2003-இல், 19 வயதில், எலிசபெத் ஹோம்ஸ் கலிஃபோர்னியாவில் தொடங்கிய அந்த நிறுவனம், விரல்நுனியில் எடுக்கும் சில துளி ரத்தமே நூற்றுக்கணக்கான பரிசோதனைகளுக்குப் போதும் என்று சொல்லி, 2014-இல் சுமார் 900 கோடி டாலர் மதிப்பை எட்டியது. ஆனால் எடிசன் என்ற அதன் சொந்தக் கருவி செய்தது சில பரிசோதனைகளை மட்டுமே. மற்றவற்றுக்கு வெளியில் வாங்கிய இயந்திரங்களையே நம்பியிருந்தார்கள். துளி ரத்தம் அவற்றுக்குப் போதாததால் அதை நீர்க்கச் செய்து பயன்படுத்தினார்கள். எடிசனின் தரச் சோதனை தவறும்போது ஒத்துவராத எண்களை நீக்கிவிடுவார்கள் என்று, ஆய்வகத்தில் வேலை பார்த்த எரிகா சியுங் நீதிமன்றத்தில் சொன்னார். ஓர் எண்ணை அழிக்கும் விரலைவிட அச்சமூட்டும் கத்தியை நான் எந்தக் கதையிலும் பார்த்ததில்லை.

சியுங் வேலையை விட்டபின், 2015-இல், ஒருவர் அவரிடம் நிறுவனத்தின் வழக்கறிஞர் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். உறையில் இருந்ததோ அவர் தற்காலிகமாகத் தங்கியிருந்த வீட்டின் முகவரி. தன்னைப் பின்தொடர்கிறார்கள் என்று அவர் உணர்ந்த அந்த நொடியை நீ ஓர் அத்தியாயமாகவே எழுதலாம். அஞ்சினாலும் ஒதுங்காமல் அரசுக் கண்காணிப்பு அமைப்புக்கு அவர் எழுதினார், ஆய்வு நடந்தது, 2016-இல் இரண்டு ஆண்டுகளின் எடிசன் முடிவுகள் அனைத்தையும் நிறுவனமே செல்லாதவை என அறிவித்தது.

உன் கதையில் இல்லாதவர் நோயாளிதான். தெரனோஸில் பரிசோதித்துக்கொண்ட கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கரு கலைவதாகப் பொருள்படும் முடிவு வந்தது. பின்னர் அவர் நலமான குழந்தையைப் பெற்றார். இடைப்பட்ட நாட்களை அவர் எப்படிக் கழித்திருப்பார் என்பதை எண்ணிப் பார். 2022 ஜனவரியில் ஹோம்ஸ் குற்றவாளி எனத் தீர்ப்பானது முதலீட்டாளர்களை ஏமாற்றியதற்காக மட்டுமே. நோயாளிகள் தொடர்பான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார்.

ஆகவே ஒன்பதாவது அத்தியாயத்தை அந்த அலுவலகத்துக்கு வெளியே, முடிவுத்தாளைக் கையில் வைத்திருக்கும் ஒருவரின் வீட்டில் தொடங்கு. எழுதியதும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்