மேல்சித்தாமூருக்குப் போய்வந்தேன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். என் மனைவிக்கு முழங்கால் வலிதான் குறைந்தபாடில்லை.

போன வாரம் மேல்சித்தாமூருக்குப் போயிருந்தேன். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே இருக்கும் சின்னக் கிராமம். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் விளைகிற பூமி. தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடமான ஜினகாஞ்சி மடம் இங்கேதான் இருக்கிறது. சமணர் என்றாலே வடநாட்டு வியாபாரிதான் நம் நினைவுக்கு வருகிறார். நயினார் என்று அழைக்கப்படும் இங்குள்ள தமிழ்ச் சமணக் குடும்பங்களோ தலைமுறை தலைமுறையாக ஏர் பிடித்தவர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது அவர்கள் நோன்பு. அறுவடைக் காலத்திலும் அதில் மாற்றமில்லை என்றார் எனக்குச் சோறு போட்ட பெரியவர்.

மலைநாதர் கோயிலில் ஒரே பாறையில் வரிசையாகச் சிற்பங்கள். ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். அசையாமல் நின்று தவம் செய்த சமண முனிவர் பாகுபலியின் கால்களைச் சுற்றிக் கொடி ஏறுகிறது. அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பக்கத்தில், சமணர்கள் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர், தலைக்கு மேல் நாகம் படம் விரித்திருக்க நிற்கிறார். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

திரும்பும்போது செஞ்சி அருகே திருநாதர்குன்றும் ஏறினேன். 24 தீர்த்தங்கரர்களையும் ஒரு பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாமலிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழைய கல்வெட்டும் அங்கே இருக்கிறது.

நமக்குப் பள்ளியில் சொன்னதெல்லாம் சமணம் வாதத்தில் தோற்றது, கழுவேறியது, மறைந்தது என்பதுதானே? அது எனக்கு இப்போது பெரிய அநியாயமாகப் படுகிறது. உ.வே.சா. 1887-இல் சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தாரே, அதன் சமயப் பொருளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத்தானே தெளிந்தார்! தமிழுக்கு இவ்வளவு கொடுத்தவர்கள் இன்றும் நம் பக்கத்து ஊரில் நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாமோ அவர்களை இறந்த காலத்தில் வைத்துப் பேசுகிறோம்.

பெரியவரின் பிள்ளைகள் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். தேர்த் திருவிழாவுக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள் என்று சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது.

தேர் ஏப்ரலில். நீயும் வா. திண்டிவனம் பஸ் நிலையத்தில் காத்திருக்கிறேன். வரும் தேதியை முன்கூட்டியே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்