செயலாளரின் ஆண்டறிக்கை: கேளிக்கைப் பூங்கா வடிவமைப்பு ஆர்வலர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதம் ஒன்று என்று பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், பத்துதான் நடந்தன. விடுபட்ட இரண்டுக்கும் காரணம் நான்தான், அறிவிப்பு அனுப்ப மறந்துவிட்டேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கியது நம் கூட்டு மாதிரி: 1:50 அளவில், அட்டையில் செய்த மாயக்கோட்டைப் பூங்கா. மேலே நின்று பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கைப்பேசியைத் தலைகீழாக நிறுத்தி, லென்ஸ் 3 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி நுழைவாயிலில் வைத்துப் படம் பிடித்தார். அந்த அளவில் அதுதான் ஆளின் கண்மட்டம். படத்தில் கோட்டையையே காணோம். கழிப்பறையின் பின்சுவர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

சரி, கழிப்பறையை நகர்த்தினோம். கோட்டையையும் உயர்த்தலாம் என்று சிலர் கிளம்பினார்கள். 1955-இல் திறந்த கலிபோர்னியா டிஸ்னிலாந்தின் கோட்டை 77 அடிதான் என்று சொன்ன பிறகு அடங்கினார்கள். அங்கே மேலே போகப் போகக் கற்களைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். கண் அதைத் தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. நாமும் மேல் ஜன்னல்களைப் பாதியாக வெட்டி ஒட்டினோம். மறுபடி எடுத்த படத்தில் கோட்டை கோட்டையாக நின்றது.

அப்புறம் வரிசை. சவாரி வரைய அடிபிடி, வரிசை வரைய ஆளில்லை. ஒரு மணி நேரம் நின்று மூன்று நிமிடம் சவாரி செய்பவருக்கு அந்த ஒரு மணி நேரமும் பூங்காதானே? நம் பேய் பங்களாவுக்குக் குறுக்கே ரயில் பாதை போகிறது. 1969-இல் திறந்த டிஸ்னிலாந்து பேய் மாளிகைக்கும் இதே தொல்லை: சவாரிக் கட்டடம் ரயில் பாதையின் மண்கரைக்கு அப்பால். ஆட்களை நிலத்துக்கடியில் இறக்க, லிஃப்டுக்கே அறை வேடம் போட்டார்கள். சுவர்ப் படங்கள் நீள்கின்றன என்று எல்லோரும் அண்ணாந்து பார்க்க, தரைதான் இறங்கிக்கொண்டிருக்கும். இதைக் கேட்டதும், வரிசைப் பக்கம் தலைவைத்தும் படுக்காத மூவர் தாமாகப் பெயர் கொடுத்தார்கள்.

ரோலர் கோஸ்டர் குழுவின் படத்தில் முதல் மேட்டைவிட உயரமான இரண்டாம் மேடு இன்னும் இருக்கிறது. சங்கிலி இழுப்பது முதல் மேட்டில் மட்டும். உராய்வும் காற்றும் தின்றது போக மிஞ்சும் வேகம் அதை ஏறாது. ‘கற்பனைப் பூங்காதானே’ என்கிறார்கள். டிராகன் பேசட்டும், எனக்கு ஆட்சேபமில்லை. வண்டி நடுவழியில் பின்னோக்கி உருளுவதற்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். விஷயம் ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

கணினிப் பிரிவுக்கு 1999-இல் வந்த ரோலர்கோஸ்டர் டைகூன் என்ற பூங்கா கட்டும் கணினி விளையாட்டுதான் இன்னும் பாடப்புத்தகம். அதை உருவாக்கிய கிறிஸ் சாயர் அதன் பெரும்பகுதியை, இயந்திரக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதினார். வழி தெரியாவிட்டால் அதிலுள்ள பொம்மை மனிதர்கள் எரிச்சலாகிவிடுவார்கள். நம் உறுப்பினர்களைப் போல மரியாதைக்குப் பாராட்ட மாட்டார்கள்.

மாதிரியைத் தூக்கி வைத்தபோது டிக்கெட் கவுண்டர் காணாமல் போயிற்று. தீப்பெட்டி அளவு, சிவப்புக் கூரை. யாரிடமாவது இருந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்