மூன்றாம் பாகம் எங்கே? நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூல் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தின் பரிந்துரைப் பதிவேட்டை நீங்கள் எப்போதாவது புரட்டியிருந்தால் என் கையெழுத்து பழகியிருக்கும். கொஞ்சம் சாய்ந்த எழுத்து, நீல மை. பெரியவர்களுக்கான மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களை வாங்கச் சொல்லி நாலு வருடமாக எழுதி வருகிறேன். போன மாதம்தான் முதல்முறையாகப் பதில் வந்தது. என் பட்டியலுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரே வரி: "மாயாஜாலக் கதைகள் சிறுவர் பகுதியில் போதிய அளவில் உள்ளன."

பதில் போட்டதற்கு நன்றி. அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மடல்.

எங்கள் நூலகத்தில் டோல்கீனின் மிகுபுனைவு நாவல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' இருக்கிறது என்று உங்கள் கணக்கில் இருக்கும். இருப்பது அதன் இரண்டாம் பாகமான 'தி டூ டவர்ஸ்' மட்டும். யாரோ நன்கொடையாகக் கொடுத்துவிட்டுப் போனது. முதல் பாகம் இல்லை, மூன்றாவதும் இல்லை. பல வருடம் அதை யாரும் தொடவில்லை. போன ஆடியில் பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி எடுத்தாள். தமிழ்வழிப் பள்ளி. பக்கத்தில் ஆங்கில அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலு பக்கம், அஞ்சு பக்கம் என்று படித்தாள். பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். வரிசையாக எட்டுத் தேதி முத்திரை, எட்டும் அவள் புதுப்பித்தது.

முதல் வாரமே என்னிடம் வந்தாள். "தாத்தா, இவன் யாரு? முதல் அத்தியாயத்துலயே சாகுறான். படகுல வெச்சு ஆத்துல விடுறாங்க. எல்லாரும் அழறாங்க, எனக்கு மட்டும் அழுகை வரல. வரணும்ல?"

வரணும்தான். அவன் பெயர் போரோமிர். அவன் மந்திர மோதிரத்துக்கு ஏன் சபலப்பட்டான், எதற்காகப் பிராயச்சித்தம் போல அம்புகளை வாங்கிக்கொண்டு செத்தான் என்பதெல்லாம் முதல் பாகத்தில் இருக்கிறது. நூலக வாசலில் இருக்கும் சிமெண்ட் திண்ணையில் உட்கார்ந்து மூன்று நாள் சாயங்காலம் முதல் பாகத்தை நான் வாயாலேயே சொன்னேன். ஆயிரம் ரூபாய்க்குள் முடிகிற வேலையை என் தொண்டை செய்தது.

நாலு மாதம் கழித்துப் புத்தகத்தை முடித்துவிட்டு மறுபடி வந்தாள். அந்தப் பாகம் எப்படி முடியும் தெரியுமா? நாயகன் ஃபுரோடோ உயிரோடு எதிரிகளிடம் பிடிபட்டிருக்கிறான். அவனைத் தேடி ஓடிவந்த தோழன் சாம், பூட்டிய பித்தளைக் கதவில் மோதி விழுந்து கிடக்கிறான். அவ்வளவுதான், முற்றும். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய், அந்தப் புத்தகம் இருந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். அது மூன்று நாவலே கிடையாது. டோல்கீன் எழுதியது ஒரே நாவல். போர் முடிந்து காகிதம் தட்டுப்பாடாக இருந்த காலம். செலவைப் பார்த்துப் பதிப்பாளர்தான் மூன்றாகப் பிரித்தார். இரண்டாம் பாகம் 1954 நவம்பரில் வந்தது, மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில். சாம் கதவுக்கு வெளியே கிடக்க, இங்கிலாந்துக்காரர்கள் பதினோரு மாதம் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால் அவளிடம் சொல்லிவிடலாம். இப்போது மூன்றும் சேர்ந்த ஒற்றைப் பதிப்பே கடையில் கிடைக்கிறது.

ஆக, என் கோரிக்கை ரொம்பச் சின்னது. வாங்கினால் முழுதாக வாங்குங்கள். வாங்கியதைப் பெரியவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

சிறுவர் பகுதி என்றீர்களே, போய்ப் பார்த்தேன். விக்கிரமாதித்தன் கதை மூன்று பதிப்பு, அட்டை கிழிந்த தேவதைக் கதைகள் ஒரு கட்டு. இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். முருங்கை மரத்து வேதாளம்தான் என்னையும் வாசகனாக்கியது. ஆனால் வேதாளத்தோடு வளர்ந்த பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் என்ன கொடுக்கப் போகிறோம்? 'ஏழு நாளில் ஆளுமை வளர்ச்சி' என்ற புத்தகம் ஐந்து பிரதி இருக்கிறது, கொடுக்கலாம்.

மிகுபுனைவு என்றால் வாளும் டிராகனும்தான் என்று நினைத்து ஒதுக்குகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்படி ஒரு வகை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நூலகத்துக்கு வருகிறவர்கள் பல மாதிரி. எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஏட்டய்யா ஒருவர் துப்பறியும் நாவல் தவிர வேறு தொடமாட்டார். அவருக்கு பென் ஆரோனோவிட்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' கொடுத்துப் பாருங்கள். 2011இல் வந்தது. லண்டனில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த கான்ஸ்டபிள் ஒருவன் ஒரு கொலைக்குச் சாட்சி தேடுகிறான். கிடைக்கிற சாட்சி ஒரு பேய். அந்த ஊர் ஆறுகளெல்லாம் ஆளாக, தெய்வமாக நடமாடும். ஆடிப்பெருக்கன்று காவிரிக்குக் காதோலை கருகமணி வைக்கிற நமக்கு இதில் என்ன அந்நியம்?

சிரிக்க வேண்டும் என்பவர்களுக்கு டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசை. ஒரு பெரிய ஆமை, அதன் முதுகில் நாலு யானை, யானைகள் மேல் தட்டையாக ஓர் உலகம். எந்தப் பாட்டியிடம் சொன்னாலும் "இது நம்ம கதையாச்சே" என்பார். 41 நாவல் இருக்கிறதே, முழுதாக வாங்கு என்கிறானே என்று பதற வேண்டாம். பெரும்பாலும் தனித்தனியாகப் படிக்கலாம். 1989இல் வந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' ஒன்று போதும், ஆரம்பிக்க. அந்த உலகத்துப் பல்கலைக்கழக நூலகர் ஒரு மந்திர விபத்தில் ஒராங்குட்டானாக மாறிவிடுவார். மனிதனாக்கித் தருகிறோம் என்றாலும் வேண்டாம் என்பார். உயரமான அலமாரிக்கு ஏற நீளக் கைதான் வசதியாம். எங்கள் நூலகர் அம்மாவிடம் இதைச் சொன்னேன். மேல்தட்டுப் புத்தகம் எடுக்க நாற்காலி மேல் ஸ்டூல் போட்டு ஏறுகிறவர் அவர். ஏணி கேட்டு எழுதி இரண்டு வருடம் ஆகிறதாம். "எனக்கும் அந்த மந்திரம் கிடைச்சா நல்லாருக்கும் சார்" என்றார்.

ஏணி என்றதும் மின்விசிறி ஞாபகம் வருகிறது. மழைக்கு ஒழுகும் கூரை, பூட்டியே கிடக்கும் கழிப்பறை, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்து படிப்பது... வேண்டாம், அதற்கு வேறு மடல் எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளின் வழிகாட்டி நூல்களைக் குறைக்கச் சொல்கிறேன் என்று மட்டும் யாரும் திரித்துவிடாதீர்கள். அது அவர்களுக்குச் சோறு. மீதி இடத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தடித்த புத்தகத்துக்குப் பயப்படுகிறவர்களுக்கு உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ', 1968. சின்ன நாவல். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு, அது தெரிந்தவனுக்கு அந்தப் பொருள் கட்டுப்படும். மந்திரப் பள்ளியில் வீம்புக்கு ஒரு பையன் தன் நிழலைப் போன்ற ஒன்றைத் திறந்து விட்டுவிடுகிறான். பிறகு நாவல் முழுக்க அதோடு மல்லுக்கட்டு. அந்தப் பையன் செம்பழுப்பு நிறத்தவன் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கவனிப்பார்கள் என்று நம்புகிறேன்.

என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்' கண்டிப்பாக வேண்டும். பூமி அதிர்வை அடக்கவும் கிளப்பவும் தெரிந்த மனிதர்கள், அந்த ஆற்றலுக்காகவே வெறுக்கப்பட்டு, பழக்கப்பட்ட மிருகங்களைப் போல வேலை வாங்கப்படுகிறார்கள். ஒதுக்கி வைத்தே உழைப்பை உறிஞ்சுவது எப்படி என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இது மூன்று பாகம். 2016, 2017, 2018 என்று மூன்றுக்கும் அடுத்தடுத்து, அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரும் ஹியூகோ விருது கிடைத்தது. தயவுசெய்து நடுப்பாகத்தை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

தனியாக இருப்பவர்களுக்கு, அமைதி தேவைப்படுகிறவர்களுக்கு சுசன்னா கிளார்க்கின் 'பிரனேசி'. ஆங்கிலம் வேண்டாம் என்பவர்களுக்குத் தமிழில் மார்க்வெஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' இருக்கிறது. அதை மிகுபுனைவு என்று சொன்னால் அது மாய யதார்த்தம், வேறு வகை என்று பேசுகிற நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நம்முடைய ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' நாவல் 1997லேயே வந்துவிட்டது. அது எங்கள் நூலகத்தில் இருக்கிறது. ஆன்மிக அடுக்கில், தலபுராணங்களுக்கும் ஜாதக நூலுக்கும் நடுவில்.

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். அந்த எட்டு முத்திரையைக் காட்டுவேன். நீயே அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாமே என்றும் கேட்பீர்கள். கொடுக்கலாம், ஓய்வூதியம் வருகிறது. அவளைப் போல அலமாரியில் கைவிட்டுத் துழாவிவிட்டு, யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குப் போன பிள்ளைகளின் முகவரி என்னிடம் இல்லை. நூலகச் சட்டம் வந்தது 1948இல். அதன்படி இன்றைக்கும் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை போடுகிறீர்கள். ஒரு வருடம்கூட அதை நான் பாக்கி வைத்ததில்லை. வரியில் மூன்றில் ஒரு பங்கை, அதுவும் நடுப்பங்கை மட்டும் கட்டினால் வாங்கிக்கொள்வீர்களா? 'வாசகருக்கு ஏற்ற நூல், நூலுக்கு ஏற்ற வாசகர்' என்று 1931இல் விதி எழுதியவர் நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன். பல நூலகங்களில் அவர் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் படத்துக்குக் கீழேதான் இரண்டாம் பாகம் இருக்கிறது.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் பட்டியல் நீளம், பணம் குறைவு என்பது எனக்குத் தெரியும். ஒரே ஒரு அலமாரி கேட்கிறேன், பெரியவர்கள் பகுதியில். வாங்கினால் முழுதாக வாங்குங்கள். முடிந்தால் ஏப்ரல் விடுமுறைக்கு முன்னால். அடுத்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் நாவல் பக்கம் வீட்டில் விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
நீல மை வாசகன்

பின்குறிப்பு: 'விஷ்ணுபுர'த்தை இரண்டு முறை நானே எடுத்து நாவல் அடுக்கில் வைத்தேன். இரண்டு முறையும் மறுவாரமே ஜாதகத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.