கண்ணைக் கசக்காதே, தம்பி

போச்சம்பள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. தோப்பில் பூ நன்றாக இறங்கியிருக்கிறது. மற்றதை அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது, பேசிக்கொண்டிருக்கும்போதே நீ விரல் மடக்கில் கண்ணை அழுத்தி அழுத்தித் தேய்த்ததைப் பார்த்தேன். கேட்டால் ‘ஒன்றுமில்லைப்பா’ என்பாய் என்று கேட்கவில்லை. கண்ணாடியின் பவர் மறுபடியும் மாறியதையும், ஓசூர் சாலையில் எதிரே வரும் லாரியின் விளக்கு இரண்டு மூன்றாகத் தெரிவதையும் அக்கா சொல்லித்தான் அறிந்தேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே.

மத்தூர்ச் சித்தப்பா மகனுக்கும் உன்னைப் போலவே சிறுவயதிலிருந்து கண் அரிப்பு. இப்போது கெரட்டோகோனஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணின் முன்புறத்தில் கண்ணாடி போல மூடியிருக்கும் படலமான கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான், ஏறக்குறைய 540 மைக்ரான். ஒவ்வாமையின் அழற்சியால் கண்ணீரில் பெருகும் நொதிகள் அதன் கொலாஜன் இழைகளை நலிவிக்கின்றன என்றும், அதன்மேல் ஓயாமல் கசக்கினால் அது மெலிந்து, கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் தாங்காமல் கூம்பு போல முன்னே தள்ளிவிடும் என்றும் மருத்துவர் விளக்கினார். கசக்கினால் சற்று நேரம் சுகம். ஆனால் அந்தக் கசக்கலே மேலும் ஹிஸ்டமினைச் சுரக்கச் செய்து அரிப்பை வளர்க்கிறதாம். அரிப்பு உள்ள எல்லாருக்கும் இப்படி ஆவதில்லை, பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் பதின்வயதில் தொடங்கி முப்பது வயது தாண்டியும் வளரக்கூடிய நோய் என்றதும் எனக்கு உன் வயதுதான் நினைவுக்கு வந்தது.

கல்யாணத்துக்குள் கண்ணாடியைக் கழற்ற லேசர் செய்துகொள்ளப் போகிறாயாமே. லேசிக் என்பது கருவிழியைச் செதுக்கிக் கனத்தைக் குறைப்பது. ஏற்கெனவே நலிந்த கருவிழியாக இருந்தால் அது இன்னும் புடைத்துவிடும். கருவிழியின் வளைவை அளந்து காட்டும் டோபோகிராபி எடுத்துப் பார்க்காமல் யார் சொன்னாலும் சம்மதிக்காதே. கண்ணாடி போட்ட மாப்பிள்ளை ஆகாது என்கிற வீட்டில் நமக்குப் பெண் வேண்டாம். நம் வகையறாவில் முதல் இன்ஜினியர் நீ; ஊரே உன்னைச் சொல்லித் தன் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறது, நீயோ கண் தெரியாததைப் பெற்றவளிடம்கூட மறைக்கிறாய்.

ஒருவேளை உனக்கும் அந்த நோய் இருந்தாலும் பயப்படாதே. ரிபோபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் பாய்ச்சி இழைகளை இறுக்கும் சி3ஆர் சிகிச்சை இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து மருத்துவர்கள் 2003இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள். அது நோயை நிறுத்துவதற்குத்தான், போன பார்வையை மீட்பதற்கு அன்று. வழக்கமாகக் கருவிழி 400 மைக்ரானாவது இருக்க வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதே. சித்தப்பா மகனுக்கு அதைச் செய்து, அப்புறம் பார்வைக்காகக் கண்ணில் அணியும் கெட்டியான கான்டாக்ட் லென்ஸ் கொடுத்திருக்கிறார்கள்.

மெடிக்கலில் நீயாகவே சொட்டு மருந்து வாங்கி விடாதே. ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் நாளடைவில் கண் அழுத்தமும் புரையும் வரும். அரித்தால் குளிர்ந்த நீரில் துணியை நனைத்து மூடிய கண்ணின்மேல் வை, கசக்காதே.

இந்தச் சனிக்கிழமையே கண் மருத்துவரைப் பார். பரிசோதிக்க அவர் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், பைக்கை எடுக்காமல் பஸ்ஸில் போ. ரிப்போர்ட்டை அக்காவுக்கு அனுப்பாதே, எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா